நமக்கென ஓர் இணையப் பதிலாள்

தூது செல்பவனை ஆராய்ந்து அறிந்த பின்னரே அனுப்ப வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. வள்ளுவப் பெருந்தகை தூதுக்கென்றே தனி அதிகாரம் ஒன்றை வகுத்துள்ளார். அக்காலத்தில் தூதன் வேண்டியது அரசனுக்கு மட்டுமே. இக்காலத்திலோ நம் இல்லத்தில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தூதுகளை இணையத்தின் வழியே அனுப்புகின்றனர். அத்தூதுகளைச் சுமந்து செல்பவர் யார், வழியில் அவற்றைப் பார்ப்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பிரேசர் டவுனில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். பெற்றோர் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருப்பர். மகன் துபாயில் வேலை பார்ப்பான். சம்பந்தி வீட்டார் கொழும்பில் இருப்பர். இவர்களையெல்லாம் ஒன்று சேர்த்து வைத்திருப்பது கைப்பேசி ஒன்றே. அதில் ஏதேனும் தடை நேர்ந்தால், 'வி.பி.என். என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறதாம், அதைப் போட்டுக்கொள்' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை யோசனை சொல்கிறான். உடனே ஊர் பேர் தெரியாத செயலி ஒன்று கைப்பேசியில் குடியேறிவிடுகிறது. வாசல் கதவை மூன்று தாழ்ப்பாள் இட்டுப் பூட்டும் நாம், இணையத்துக்குச் செல்லும் வாசலை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

இதற்கு மாற்றாக, நம் குடும்பத்துக்கென்றே ஒரு பதிலாளை நாமே அமைத்துக்கொள்ள இயலும். அதற்குக் கணினிக் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்பதில்லை. அது செய்யப்படும் விதத்தையும், அதனால் விளையும் நன்மையையும், அதன் எல்லையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிலாள் என்பவன் யார்?

ஆங்கிலத்தில் 'ப்ராக்ஸி' என்று வழங்குவதையே தமிழில் பதிலாள் என்கிறோம். ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நாம் மைசூரிலுள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறோம். அதை நேரே அவருக்கு அனுப்பாமல், ஓர் உறையிலிட்டு ஒட்டிச் சென்னையிலுள்ள நம் மாமாவுக்கு அனுப்புகிறோம். மாமா மேலுறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தைத் தம் முகவரியிலிருந்து மைசூருக்கு அனுப்புகிறார். பதில் வந்ததும் அதை மீண்டும் உறையிலிட்டு நமக்கு அனுப்புகிறார். நம் தெருத் தபால்காரருக்குத் தெரிவதெல்லாம் நாம் மாமாவுக்கு எழுதுகிறோம் என்பது மட்டுமே. மைசூர்க்காரருக்குத் தெரிவது கடிதம் சென்னையிலிருந்து வந்தது என்பது மட்டுமே. முழு விவரமும் அறிந்தவர் மாமா ஒருவரே.

இணையத்தில் அந்த மாமாவின் வேலையைச் செய்வது ஒரு கணினி. அதுவே பதிலாள். 1994-ஆம் ஆண்டிலேயே ஜெனீவா நகரத்துச் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வைய விரிவு வலைக்கெனப் பதிலாள் அமைக்கப்பட்டது. பாதுகாப்பு அரணுக்குள் இருந்த அலுவலகக் கணினிகள் வெளியுலகை அணுகவும், ஒருவர் ஒருமுறை பெற்ற பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் அக்காலத்தில் அது பயன்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நாம் மாமாவிடம் கொடுக்கும் உட்கடிதமும் ஒட்டப்பட்டிருக்குமானால், அதன் மேலுள்ள முகவரியைத்தான் அவர் காண்பார். உள்ளே எழுதியதைப் படிக்க மாட்டார். இன்று பெரும்பாலான இணையத்தளங்களும், வங்கிகள் அனைத்தும், இவ்வாறு ஒட்டிய கடிதத்தையே ஏற்கின்றன. ஆகவே பதிலாள் நம் கடவுச்சொல்லைப் படித்துவிடுவான் என்று வீணாக அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும், எப்போது எங்கெங்கு செல்கிறோம் என்பதை அவன் அறிவான். ஒரு குடும்பத்தின் நோயும், கடனும், வேலை தேடும் கவலையும் இந்தப் போக்குவரத்திலிருந்தே வெளிப்பட்டுவிடும்.

இலவசத்தின் விலை

பதிலாளாக வேலை செய்யும் கணினிக்கு வாடகை உண்டு. மின்சாரச் செலவு உண்டு. பராமரிப்போருக்குச் சம்பளம் உண்டு. இத்தனையும் செலவழித்து ஒருவர் நமக்கு இலவசமாக ஊழியம் செய்வாரானால், அவர் தம் செலவை வேறெங்கோ ஈட்டுகிறார் என்பதே பொருள். ஏட்டில் பதிவான நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறுவோம்.

ஹோலா என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இலவசமாகப் பயன்படுத்தினர. 2015-ஆம் ஆண்டில் அதன் உட்பொருள் வெளிப்பட்டது. அதைப் பயன்படுத்துவோருடைய இணைய இணைப்பையே அந்நிறுவனம் பிறருக்கு வாடகைக்கு விட்டு வந்தது. அதாவது, யாரோ ஒருவர் செய்யும் காரியம் நம் வீட்டு முகவரியிலிருந்து செய்ததாகப் பதிவாகும். நமக்குப் பதிலாள் கிடைத்தான் என்று நாம் மகிழ்ந்திருக்க, உண்மையில் நாமே பிறருக்குப் பதிலாளாக இருந்திருக்கிறோம்!

மற்றொன்று ஒனாவோ என்னும் செயலி. இதனை ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் விலைக்கு வாங்கியது. பயன்படுத்துவோரின் செய்திகளைப் பாதுகாப்பதாகக் கூறிய அச்செயலி, அவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதைத் திரட்டித் தன் முதலாளிக்குக் கொடுத்து வந்தது. 2018-இல் ஆப்பிள் நிறுவனத்தின் அங்காடியிலிருந்து அது வெளியேறியது. 2019-இல் முற்றிலும் மூடப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதன் பொருட்டு ஃபேஸ்புக்கின் கிளை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெரிய இடமாயிற்றே என்று நம்பியவர்கள் அடைந்த பயன் இது.

சொந்தப் பதிலாள் பிறந்த கதை

2012-ஆம் ஆண்டில் சீன நாட்டு நிரலாளர் ஒருவர், தம் நாட்டில் இணையத்தைச் சூழ்ந்துள்ள தடைகளைத் தாண்டும் பொருட்டு ஷேடோசாக்ஸ் என்னும் முறையை எழுதி, யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். ஒரு பெருநிறுவனத்தின் பொதுப் பதிலாளை ஆயிரம் பேர் நாடுவதற்கு மாறாக, அவரவர் தமக்கென ஒரு சிறு பதிலாளை அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. 2015 ஆகஸ்ட் மாதத்தில் காவல் துறையினர் அவரை அணுகி, அப்பணியை நிறுத்துமாறு கூறினர். அவர் விலகிக்கொண்டார். ஆனால் அவர் விதைத்த வித்து பலர் கையில் பரவிவிட்டது. அம்முறையைப் பிறர் தொடர்ந்து செப்பனிட்டனர்.

எனினும் அதை அமைப்பது எளிதாயில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. இத்தொல்லையைப் போக்கியது 2018 மார்ச்சில் வெளிவந்த அவுட்லைன் என்னும் மென்பொருள். கூகுளைச் சேர்ந்த ஜிக்சா என்னும் பிரிவு, செய்தியாளர்களை முதன்மையாக மனத்திற்கொண்டு இதனை உருவாக்கியது. இதன் நிரல் முழுவதும் யாவரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. வெளித் தணிக்கையாளர்களும் சோதித்துள்ளனர். படங்களும் பொத்தான்களும் உள்ள சாதாரணச் சாளரத்திலேயே வேலை முழுவதும் முடிந்துவிடும்.

அமைக்கும் முறை

அவுட்லைன் இரு பகுதிகளை உடையது. ஒன்று 'மேனேஜர்'; இது பதிலாளை நிறுவி மேற்பார்வை செய்வது. வீட்டுக் கணினி ஒன்றில் இருந்தால் போதும். மற்றொன்று 'கிளையன்ட்', இது பதிலாளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டியது.

முதலாவதாக, மேனேஜரை அவுட்லைனின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். நண்பர் அனுப்பினார், வாட்சப்பில் வந்தது என்று வேறு இடத்திலிருந்து எடுத்தல் ஆகாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் அது இயங்கும்.

இரண்டாவதாக, பதிலாள் குடியிருக்க ஓர் இடம் வேண்டும். மேனேஜரைத் திறந்தவுடன் டிஜிட்டல் ஓஷன், கூகுள் கிளவுட், அமேசான் ஆகியவற்றின் பெயர்கள் தோன்றும். இவை கணினிகளை மாத வாடகைக்கு விடும் நிறுவனங்கள். நமக்கென வேறொரு லினக்ஸ் கணினி இருப்பின் அதையும் பயன்படுத்தலாம். புதியவர்களுக்கு எளிதாக இருப்பது டிஜிட்டல் ஓஷன். அதன் கணினிக் கூடங்களில் ஒன்று 2016 முதல் நம் பெங்களூரிலேயே உள்ளது என்பது அறியத்தக்கது. மின்னஞ்சலும், வெளிநாட்டுச் செலவுக்கு அனுமதி பெற்ற வங்கி அட்டையும் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். சிறிய கணினி ஒன்றின் வாடகை மாதத்துக்கு 6 அமெரிக்க டாலர் அளவில் அமையும், வரி தனி. ஒரு குடும்பத்துக்குத் தேவையான போக்குவரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

மூன்றாவதாக, பதிலாள் எவ்வூரில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்கும். பெங்களூர், சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் முதலிய ஊர்கள் காட்டப்படும். இந்திய முகவரி வேண்டுமாயின் பெங்களூரைத் தேர்க. தூரம் அதிகமாக ஆக வேகம் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க. ஊரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் பதிலாள் தயாராகிவிடும்.

நான்காவதாக, சாவி வழங்க வேண்டும். மேனேஜரில் சாவி உண்டாக்கும் பொத்தானை அழுத்தினால் நீண்ட எழுத்துத்தொடர் ஒன்று தோன்றும். அதுவே சாவி. அதைப் பெற்றவர் தம் கைப்பேசியிலுள்ள கிளையன்டில் இட்டு, இணைக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். அந்நேரமுதல் அவருடைய போக்குவரத்து முழுவதும் மறையெழுத்தாக மாறி நம் பதிலாளை அடைந்து, அங்கிருந்து வெளியே செல்லும்.

இங்குக் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒவ்வொருவருக்கும் தனிச் சாவியே கொடுக்க வேண்டும். சாவிக்கு அவரவர் பெயரை இட வேண்டும். ஒரு சாவிக்கு இவ்வளவுதான் என்று அளவு விதிக்கவும் மேனேஜரில் வசதி உண்டு. பிள்ளைகளின் சாவிக்கு அதைச் செய்க. கைப்பேசி தொலைந்தாலோ, தேவை முடிந்தாலோ அந்தச் சாவியை மட்டும் நீக்கிவிட வேண்டும். மற்றவர்களுக்கு இடையூறு நேராது. பதிலாளே வேண்டாம் என்றால் மேனேஜரில் அதை அழித்துவிடுக. கணினியை மூடி வைத்தால் மட்டும் வாடகை நிற்காது.

எங்கே பயன்படும்?

இலங்கையில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் கலவரம் மூண்டபோது ஃபேஸ்புக், வாட்சப், வைபர் ஆகியவற்றை அரசு தடுத்தது. 2019 ஏப்ரல் 21-இல் ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து மீண்டும் தடுத்தது. 2022 ஏப்ரல் 3-இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஊரடங்கோடு இத்தடையும் வந்தது. அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ச, தாம் வி.பி.என். வழியாகவே எழுதுவதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் வெளிப்படையாக எழுதினார். சில மணி நேரங்களில் தடை நீங்கியது. இத்தகைய நாட்களில் கொழும்பிலுள்ள உறவினர் நலமா என்று அறியத் தவித்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! அவசரத்தில் அகப்பட்ட இலவசச் செயலியைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும், அறிந்தவர் அமைத்த பதிலாள் நன்று என்பது இங்குத் தெளிவாகும்.

ரயில் நிலையங்களில் கிடைக்கும் வைஃபையும் மற்றோர் இடம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல் நிறுவனம் தொடங்கிய இச்சேவை 2021-க்குள் 6,000 நிலையங்களை எட்டியது. பயணிகளுக்கு இது பேருதவி. ஆனால் பொது இடத்து வைஃபை எதுவாயினும், அதே பெயரில் போலி இணைப்பை எவரேனும் அருகில் அமர்ந்து விரிக்கக்கூடும். அவ்விடங்களில் நம் பதிலாளை இணைத்துக்கொண்டால், இடையில் நிற்பவர் காண்பது மறையெழுத்து மட்டுமே.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், இந்திய முகவரியிலிருந்து மட்டுமே திறக்கும் சில தளங்களை அணுகவும் பெங்களூர்ப் பதிலாள் உதவக்கூடும். ஆயினும், வாடகைக் கணினிகளின் முகவரிகளை அடையாளங்கண்டு மறுக்கும் தளங்களும் உண்டு. வங்கிச் செயலிகளிலும் திரைப்படத் தளங்களிலும் இதனை எதிர்பார்க்கலாம்.

எங்கே பயன்படாது?

தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டால் வண்டி எதுவாயினும் ஓடாது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையமே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. அங்கே எந்தப் பதிலாளும் உதவ இயலாது. அத்தகைய வேளையில் சாதாரணத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியுமே துணை. ஆகவே உறவினர்களின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருப்பது இன்றும் வேண்டப்படும் பழக்கம்.

பதிலாள் நம்மைப் பெயரற்றவர் ஆக்குவதுமில்லை. அவனுக்கு வாடகை செலுத்துவது நம் வங்கி அட்டை. ஃபேஸ்புக்கிலோ மின்னஞ்சலிலோ நம் பெயரிட்டே நுழைகிறோம். அங்குப் பதிலாள் எதை மறைப்பான்? ஏமாற்றுக்காரர் அனுப்பும் போலி இணைப்பை நாமே அழுத்தினால் அதையும் அவன் தடுக்கமாட்டான். நாம் காட்டிய இடத்துக்குப் போவதே அவன் கடமை.

சட்டமும் பொறுப்பும்

நம் நாட்டில் சொந்தப் பதிலாள் வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. எனினும் காஷ்மீர் போன்ற இடங்களில் உள்ளூர் அதிகாரிகள் அவ்வப்போது தடை விதித்ததுண்டு. அங்குச் செல்வோர் விசாரித்தறிதல் வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. கணினி வாடகைக்கு விடுவோரும், பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை நடத்துவோரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை ஏற்க மனமின்றி எக்ஸ்பிரஸ் வி.பி.என். போன்ற நிறுவனங்கள் தம் கணினிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? நம் பதிலாள் நம் பெயரிலேயே பதிவாகியிருக்கிறான். நம்மிடம் சாவி பெற்றவர் ஒரு தீச்செயல் புரிவாரானால், விசாரணை முதலில் நம் வாசலுக்கே வரும். ஆகையால் சாவியை உடன்பிறந்தார், பெற்றோர், மக்கள் என்னும் வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளல் நலம். தெருவாருக்கெல்லாம் கொடுத்து மாதப் பணம் வசூலிக்கத் தொடங்கினால், நாம் குடும்பத் தலைவர் என்னும் நிலை மாறிச் சேவை நடத்துபவர் ஆகிவிடுகிறோம். அதற்குரிய கடமைகளும் நம்மைச் சேரும்.

வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ளோர் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்சப் எழுத்துச் செய்திகள் செல்லும். குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வந்துள்ளன. பச்சிளங் குழந்தையின் முகத்தைத் தந்தைக்குக் காட்ட விரும்பும் தாய்க்கு இது பெருந்துயரம் என்பதில் ஐயமில்லை. அதற்காகப் பெங்களூரில் ஒரு பதிலாளை அமைத்துச் சாவியைத் துபாய்க்கு அனுப்பலாமே என்று எவருக்கும் தோன்றும். அவ்வாறு செய்யற்க. 2022 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, இணைய முகவரியை மாற்றிக் காட்டிக் குற்றம் புரிவோருக்குச் சிறைத் தண்டனையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தடுக்கப்பட்ட அழைப்பை இவ்வழியே பேசுவது அச்சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடும். குடும்பத்துக்காகக் கடல் கடந்து உழைப்பவரின் வேலையையும் விடுதலையையும் ஒரு மணி நேரப் பேச்சுக்காகப் பணயம் வைக்கலாகாது. போட்டிம் போன்று அந்நாட்டு அனுமதி பெற்ற செயலிகள் உள்ளன. அவற்றையே நாடுக.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

இன்றே ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கைப்பேசிகளைப் பார்வையிட்டு, இலவச வி.பி.என். செயலிகள் இருப்பின் அவை யாருடையவை என்று விசாரிக்க வேண்டும். விடை கிடைக்காதவற்றை உடனே நீக்கிவிடலாம். பெரும்பாலான இல்லங்களுக்கு அதற்கு மேல் பதிலாளே தேவைப்படாது. வீட்டு இணைப்பில் வங்கி வேலை பார்ப்பதற்கும் தொலைவிலுள்ளோருடன் பேசுவதற்கும் அவன் இன்றியமையாதவன் அல்லன். மெய்யாகவே தேவையுள்ள குடும்பங்கள், கணினி பழகிய பிள்ளை ஒருவரை வீட்டிலிருந்தே பொறுப்பாக்கி, மேற்கூறிய முறையில் சொந்தப் பதிலாளை அமைத்துக்கொள்ளலாம். எத்தனை சாவிகள், யார் யாரிடம் உள்ளன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

இணையத்தில் எவரையும் நம்பாமல் வாழ்தல் இயலாது. பதிலாளை வைப்பதனால் நம்பிக்கை தேவையற்றதாகிவிடுவதில்லை. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகிறது. அந்த மற்றொருவர் யார் என்பதை அறிந்தே மாற்றுதல் நம் கையில் உள்ளது.